பொம்மு நிற்கும் இடங்கள்

ஸ்கெல்பி கைவினைச் சங்கத்திலிருந்து வில்ஃப் ஆக்ராய்டுக்கு முப்பத்தொரு வருடங்களில் மொத்தம் ஒன்பது கடிதங்கள் வந்திருந்தன. ஒன்பதும் ஒரே மாதிரி. சாம்பல் நிறக் காகிதம், மேலே சங்கத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு 1887, அதற்குக் கீழே யாராவது ஒருவர் இறந்துபோன செய்தி. பத்தாவது கடிதம் மார்ச் மாதம் நான்காம் தேதி, புதன்கிழமை காலைத் தபாலில் வந்தது. காகிதம் இளஞ்சிவப்பு. இடது மூலையில் ஒரு நூல்கண்டு. நூல்கண்டுக்கு இரண்டு காது, இரண்டு பெரிய கண், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு ரோஜா வட்டம். வாய் இல்லை.

"யாரு போயிட்டாங்க?" என்று அடுப்படியிலிருந்து மாரீன் கேட்டாள்.

"தெரியலை. பெரிய ஆளா இருக்கும் போலிருக்கு," என்றார் வில்ஃப்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். 'அன்பான குட்டி நண்பரே' என்று தொடங்கியது. வில்ஃபுக்கு அறுபத்திரண்டு வயது, எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ, தொழில் கொல்லுலை. உறையைத் திருப்பி விலாசத்தை இன்னொரு முறை பார்த்தார். அவருடையதுதான்.

சங்கம் இனிமேல் செல்லத்தனக் கொள்கையைக் கைக்கொள்கிறது. ஜப்பானியர்கள் கவாய் என்று சொல்லும் அந்த உயர்ந்த குணம் மேற்கத்திய கைவினைகளில் இத்தனை காலமும் இல்லாதுபோனது வருத்தத்துக்குரியது. மூலையில் இருப்பவரின் பெயர் பொம்மு. பொம்முவுக்கு உங்களைப் பிடிக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கைவேலையில் ஒன்றைச் செல்லத்தன நிர்ணயக் குழுவின் முன் வைக்க வேண்டும். தேறாதவர்களின் பட்டறை உரிமை மென்மையாக மறுபரிசீலனை செய்யப்படும்.

வில்ஃப் பென்சிலை எடுத்து 'மென்மையாக' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார். மற்றதெல்லாம் புரிந்தது. அந்த ஒரு சொல்தான் எதற்காக அங்கே இருக்கிறது என்று புரியவில்லை.

பட்டறை சங்கத்தின் முற்றத்தில் இருந்தது. நெசவுக்கு ஒன்று, கல்லெழுத்துக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று முற்றத்தைச் சுற்றி ஆறு பட்டறை. வடமூலையில் வில்ஃபின் உலை. ஊருக்குள் புதிதாக யாரும் கரி மூட்டக் கூடாது என்று நகரசபை விதி போட்டு நாற்பது வருடம் ஆகிறது. பழைய புகைபோக்கி இருந்தால் அது மட்டும் புகையலாம். ஸ்கெல்பியில் அப்படி மிஞ்சியது வடமூலைப் புகைபோக்கி ஒன்றுதான். அது போனால் வில்ஃப் கையில் சம்மட்டியோடு சும்மா நிற்கும் ஓர் ஆள். வேறு ஊருக்குப் போய் உலை போடும் வயதும் இல்லை.

செயலாளர் ஜெரால்ட் பிம்லட்டைப் பார்க்கப் போனார். பிம்லட் பத்தொன்பது வருடமாகச் செயலாளர். ஜாம் பாட்டிலின் மூடி விதிப்படி இல்லை என்று பாதிரியாரின் மனைவியையே போட்டியிலிருந்து விலக்கியவர். அவர் மேசைமேல் இப்போது ஒரு நூல்கண்டுப் பொம்மை உட்கார்ந்து வில்ஃபைப் பார்த்தது.

"உக்காருங்க, மிஸ்டர் ஆக்ராய்ட். பொம்மு பக்கத்துல உக்காருங்க. நானும் தலைவி மிஸஸ் டாட்ஸ்வொர்த்தும் ஒன்பது நாள் ஜப்பான் போய்ட்டு வந்தோம், ஆராய்ச்சிப் பயணம். உடம்புதான் அங்க இருந்துச்சு. மனசெல்லாம் உறுப்பினர்கள் கூடவே."

"நல்லா இருந்துச்சா?"

"கண்ணைத் திறந்துடுச்சு. ஒரு போலீஸ் நிலையம். வாசல்ல எலி ஒண்ணு தொப்பி போட்டுக்கிட்டு சல்யூட் அடிக்குது. வரி ஆபீஸ்ல முள்ளங்கி. அபராதம் கட்ட வந்தவங்க அந்த முள்ளங்கி தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க. நான் பத்தொன்பது வருஷமா ஜனங்ககிட்ட இல்லைன்னு சொல்லிட்டிருக்கேன், மிஸ்டர் ஆக்ராய்ட். ஒருத்தர்கூட என் தோள்ல கை போட்டதில்லை."

வில்ஃபுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனால் தோளில் கை போடும் அளவுக்கு வரவில்லை.

"நான் செய்யறது கீல், கொக்கி, கணப்பு கிளறுற கம்பி," என்றார். "இதுல செல்லம் எங்க வருது?"

பிம்லட் இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுத்தார். அதில் வட்ட வட்டமாக ஓட்டைகள். "உங்க கம்பி முனையில கடாத்தலை வருதே, அதான் முகம். முகம்னு ஒண்ணு இருந்தா விதி வந்துடும். இந்தத் தகட்டை முகத்து மேல வைக்கணும். கண்ணு ரெண்டும் பாதிக்குக் கீழ இருக்கணும். ரெண்டு கண்ணுக்கு நடுவுல மூணு கண்ணு போற இடம். கன்னம் உப்பணும். வாய் கூடாது."

"வாய் ஏன் கூடாது?"

"வாய் இருந்தா கருத்து வந்துடும்."

"கடா புல்லு தின்னணுமே."

"நம்ம கடா தின்னாது, மிஸ்டர் ஆக்ராய்ட். நம்ம கடாவை எல்லாரும் விரும்புவாங்க. அதுக்கு அது போதும்."

அந்த மாதம் முழுதும் முற்றத்தில் ஒவ்வொருவராகச் செல்லமானார்கள். நெசவாளர் பிரெண்டா துவைட் குதிரைகளுக்குப் போர்வை நெய்பவள். போர்வைக்குக் காது வைக்கச் சொன்னார்கள். குதிரைக்கு ஏற்கெனவே காது இருக்கிறது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அது குதிரையின் காது, போர்வையின் காது அல்ல என்று பதில் வந்தது. வைத்தாள். காற்றடிக்கும்போது குதிரைகள் தங்கள் முதுகைப் பார்த்துத் தாங்களே மிரண்டு ஓடின.

கல்லெழுத்து வெட்டும் ஐவர் கிராக்கின் கதை இதைவிட மோசம். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் கல்லறைக்கல் அவரிடம் இருந்தது. வெறும் எழுத்தாக இருந்தால் தேறாது என்று குழு சொல்லவே, மேலே தூங்கும் முயல் ஒன்றை வெட்டினார். முதல் வகுப்பில் தேறியது. கல்லை நட்ட அன்று விதவை பூவோடு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இது யாரு?" என்று கேட்டாள்.

"முயல், மேடம்."

"அவருக்கும் முயலுக்கும் நாப்பது வருஷச் சண்டை. தோட்டத்துல ஒரு முட்டைக்கோசு விட்டதில்லை அதுங்க."

"கருணைக்காகப் போட்டது, மேடம்."

"யாருக்குக் கருணை? தலைமேலயே உக்காத்தி வெச்சிருக்கீங்க."

ஐவர் கிராக் இதைச் சொல்லி முடித்தபோது வில்ஃப் சிரிக்கவில்லை. அவர் மூன்றாவது கடாத்தலையை அடித்துக்கொண்டிருந்தார். முதலாவது உருளைக்கிழங்கு போல வந்தது. இரண்டாவதைத் தகடு ஏற்றுக்கொண்டது. கண்கள் அகலமாக, தாழ்வாக, சரியான இடத்தில் இருந்தன. ஆனால் கம்பி கணப்புக்குள் போக வேண்டிய பொருள். சோதித்துப் பார்க்க மாரீன் அதைக் கணப்பில் சொருகினாள். கால் மணியில் கரிக்கு நடுவிலிருந்து இரண்டு பெரிய சிவப்புக் கண்கள் அவளையே பார்த்தன.

"இதை வெளிய கொண்டு போ, வில்ஃப்," என்றாள். "நான் குளிர்லயே இருந்துக்கறேன்."

ஏப்ரல் பதினைந்தாம் தேதி வில்ஃபின் வேலையைப் பார்க்க நிர்ணயக் குழு கூடியது. தேர்வு முறை இது: குழுவில் மூன்று பேர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பொருளை மேசையில் வைத்ததும் பிம்லட் மணி அடிப்பார். மூவரும் திரும்ப வேண்டும். நான்கு விநாடிக்குள் இருவர் வாயிலிருந்தாவது 'அச்சோ' என்ற ஒலி தன்னையறியாமல் வர வேண்டும். தன்னையறியாமல் வந்ததா, அறிந்து வந்ததா என்பதை ஒலிப்பதிவைக் கேட்டுத் தீர்மானிப்பார்கள்.

வில்ஃப் மூன்றாவது கடாத்தலையை வைத்தார். உப்பிய கன்னம், வாய் இல்லை. அவருக்கே அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மூச்சுவிட முடியாத ஏதோ ஒன்று போல இருந்தது. மணி அடித்தது. மூவரும் திரும்பினார்கள்.

ஒருவர் தும்மினார். ஒருவர் பேசாமல் இருந்தார். நடுவில் இருந்த மிஸஸ் டாட்ஸ்வொர்த்திடமிருந்து மட்டும் தெளிவாக, நீளமாக, உள்ளிருந்து ஓர் அச்சோ வந்தது.

பிம்லட் குறித்துக்கொண்டார். பிறகு விசாரித்தார். தலைவி உண்மை பேசுபவர்.

"கடாவுக்கு இல்லை," என்றார். "அவர் கட்டைவிரலைப் பாத்தேன். எப்படி வெந்து போயிருக்கு பாருங்க."

கட்டைவிரல் போட்டிக்கு வைக்கப்பட்ட பொருள் அல்ல என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது. தும்மல் குறித்து இருபது நிமிடம் விவாதித்தார்கள். வில்ஃப் தேறவில்லை. மேல்முறையீட்டுக்கு உரிமை உண்டு.

அதற்குப் பிறகு கடிதங்கள் அடிக்கடி வந்தன. குடை பிடித்த பொம்மு, உலையில் கரி இறக்கும் நாள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டதைத் தெரிவித்தது. தொப்பி போட்ட பொம்மு, முற்றத்துக் கதவு மாலை நான்கு மணிக்கே மூடப்படும் என்றது. மே மாதத் தொடக்கத்தில் வந்ததில் பொம்மு ஒரு சின்ன பொம்முவைத் தூக்கி வைத்திருந்தது. பட்டறைத் தண்ணீர்க் குழாயின் இணைப்பு வெட்டப்பட்டிருந்தது. மாரீன் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

"வர வர அழகாயிட்டே போகுது," என்றாள். "அடுத்தது எதை வெட்டுவாங்களோ."

அதே வாரத்தில் முற்றத்திலும் பொம்முகள் முளைத்தன. ஆள் உயரத்துக்குத் தடித்த அட்டையில் வெட்டியவை.

மேல்முறையீட்டுக்கு நிபுணர் வேண்டும் என்று பிம்லட் முடிவு செய்தார். ஊருக்கு அடியில் புதிய கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டும் வேலை இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. அங்கே குசுமோதோ என்று ஒரு பொறியாளர் இருந்தார். ஸ்கெல்பியில் இருந்த ஜப்பானியர் அவர் ஒருவர்தான். எனக்குச் சாக்கடை மட்டும்தான் தெரியும் என்று அவர் மூன்று முறை கடிதம் எழுதினார்.

"அந்த அடக்கத்தைப் பாத்தீங்களா?" என்றார் மிஸஸ் டாட்ஸ்வொர்த். "அதுக்குத்தான் அவரையே கூப்பிடணும்."

மே இருபத்தொன்று, வியாழக்கிழமை, குசுமோதோ வந்தார். சுத்தமாகத் துடைத்த பூட்ஸ், கையில் மஞ்சள் தலைக்கவசம். வில்ஃப் இந்த முறை தகட்டுக்குப் பயந்து செய்ததைக் கொண்டுபோகவில்லை. எப்போதும் செய்யும் பழைய கடாத்தலையையே கொண்டுபோயிருந்தார்: சுருண்ட கொம்பு, நெரித்த புருவம், இறுக்கி மூடிய கோபமான வாய். தோற்பதானால் இதைக் கொண்டே தோற்கலாம் என்று மாரீன்தான் சொல்லியிருந்தாள்.

குசுமோதோ அதை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். எடையைப் பார்த்தார். கொம்பின் சுருளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதில் செல்லத்தனம் உண்டா, ஐயா?" என்று பிம்லட் கேட்டார்.

குசுமோதோ பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "அது வந்து... கொஞ்சம்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எதிரே இருப்பவர் மனம் நோகாமல் இல்லை என்று சொல்ல அவர் ஊரில் அவ்வளவு போதும். குழு காத்திருந்தது. மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

"கொஞ்சம் உண்டு," என்று பிம்லட் எழுதினார். பிறகு எவ்வளவு கொஞ்சம் என்பது பற்றியும், உள்ளே இழுத்த மூச்சை அச்சோவாகக் கொள்ளலாமா என்பது பற்றியும் நாற்பது நிமிடம் பேசினார்கள். அச்சோ வெளியே வரும் காற்று, இது உள்ளே போன காற்று என்று ஒரு தரப்பு. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

கலைந்ததும் குசுமோதோ நேராக வில்ஃபின் பட்டறைக்கு வந்தார். கம்பியை விலைக்குத் தர முடியுமா என்று கேட்டார். வில்ஃப் தேநீர் போட்டுக் கொடுத்தார். தண்ணீரைப் பிரெண்டாவின் பட்டறையிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

"நிஜமாவே பிடிச்சிருக்கா?" என்றார் வில்ஃப்.

"எங்க ஊர்க் கோயில் கூரை மூலையில ஒரு ஓடு உண்டு, ஆக்ராய்ட் சான். பேய் முகம். பல்லெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். கெட்டது உள்ள வராம அது பாத்துக்கும். இந்தக் கடாவும் அந்த மாதிரிதான் இருக்கு." ஒரு வாய் குடித்தார். கதவுக்கு வெளியே பார்த்தார். "ஒண்ணு கேக்கலாமா? இங்க குழி எங்க இருக்கு?"

"குழியா? என்ன குழி?"

"நாங்க தெருவை வெட்டினா சுத்தி வேலி போடுவோம். வேலிக் குழாயைத் தாங்கிப் பிடிக்க தவளை, குரங்கு, முயல்னு பிளாஸ்டிக் பொம்மை வெப்போம். நான் மட்டும் ஒரே வருஷத்துல எண்ணூறு தவளைக்கு ஆர்டர் குடுத்திருக்கேன். குழியும் தூசியும் சத்தமுமா இருந்தா ஜனங்களுக்குக் கோபம் வரும் இல்லையா. தவளையைப் பாத்தா பாதி குறைஞ்சிடும். வேலை முடிஞ்சு குழியை மூடினதும் தவளையை எடுத்துடுவோம். சும்மா தவளை நிக்கணும்னு எங்கயும் தவளை வெச்சதில்லை." கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க முற்றத்துல ஆறு நிக்குது. எண்ணிட்டுத்தான் வந்தேன். வெட்டின இடம் ஒண்ணும் கண்ணுல படலை. அதான்."

அவர் கம்பியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வணங்கிவிட்டுப் போனார்.

வில்ஃப் உலையை அணைத்தார். முற்றத்தில் இறங்கி ஒவ்வொரு பொம்முவின் பின்னாலும் போய்ப் பார்த்தார். முதலாவதன் பின்னால் உடைந்த மழைநீர்க் குழாய். இரண்டாவதன் பின்னால் உறுப்பினர் புகார்ப் பெட்டி. பூட்டிய பூட்டின்மேல் இன்னொரு பூட்டு. மூன்றாவதன் பின்னால் யாருடையதோ சைக்கிள். சந்தேகப்பட்டதற்காக அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். நான்காவதன் பின்னால் சுவரில் வெளுத்த சதுரம். 'கையால் செய்யாத எதுவும் இங்கே விற்கப்பட மாட்டாது' என்ற 1887ஆம் வருடத்துப் பித்தளைப் பலகை அங்கேதான் இருந்தது. திருகாணிகளைக் கழற்றியிருந்தார்கள். ஐந்தாவதன் பின்னால் ஒன்றும் இல்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்தும் இல்லை. அது அவரை மற்றவற்றைவிட அதிகமாகக் கலவரப்படுத்தியது.

ஆறாவது பொம்மு தெருவாசலில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அட்டைக்கும் கம்பத்துக்கும் இடையில் கையை விட்டார். வழவழவென்று ஒரு தாள் தட்டுப்பட்டது. அட்டையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைப் பொம்முவின் முதுகில் அழுத்தியபடி படித்தார். நகரசபை அறிவிப்பு. எந்தக் கட்டடத்தை இடிப்பதானாலும் இருபத்தொரு நாளுக்கு இப்படிக் கம்பத்தில் கட்டி வைப்பது சட்டம். வடமூலையில் உள்ள உலையும் புகைபோக்கியும் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 'பொம்மு இல்லம்' என்ற பரிசுப் பொருள் கடையும் கிடங்கும் வரும். ஆட்சேபணை உள்ளவர்கள் மே இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம்.

நாளைக்கு.

தெருவில் போன ஒரு பெண், பெரியவர் ஒருவர் பொம்முவைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அச்சோ என்றாள்.

மறுநாள் காலை நகரசபை திறந்ததும் வில்ஃப் உள்ளே போனார். கட்டட அனுமதிப் பிரிவில் பெவர்லி ஸ்டாட் என்ற எழுத்தர் இருந்தாள். கோப்பைப் புரட்டினாள்.

"ஆட்சேபணை ஒண்ணும் வரலை. ஆதரவா நாப்பத்திரெண்டு கடிதம் வந்திருக்கு."

"யார்கிட்டேருந்து?"

"கையெழுத்து எல்லாத்துலயும் பொம்முன்னு இருக்கு." அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இதை நாப்பத்திரெண்டுன்னு எண்ணறதா ஒண்ணுன்னு எண்ணறதான்னு மேல கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை."

"அறிவிப்பை நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"நான்தானே கட்டினேன்."

"இப்பப் பாருங்க."

பெவர்லி மேலங்கியை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். நடைபாதையில் நின்று பார்த்தாள். இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்து பார்த்தாள், வலது பக்கம் நகர்ந்து பார்த்தாள். குனிந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு படிவம் எடுத்து, 'நடந்துபோகும் சாதாரண நபர் படிக்கக்கூடிய நிலையில் இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். அறிவிப்பில் புதிய தேதி எழுதினாள்.

"இன்னையிலேருந்து இருபத்தோரு நாள்," என்றாள். "எழுதறவங்க பேரு, விலாசம், காரணம் மூணும் தெளிவா இருக்கணும்னு சொல்லுங்க. நூல்கண்டு எழுதினா நான் பொறுப்பில்லை."

வில்ஃப் எழுதினார். பிரெண்டா எழுதினாள். ஐவர் கிராக் தலைமையாசிரியரின் விதவையிடம் போய்க் கேட்டார்; அவள் ஆறு பக்கம் எழுதினாள், அதில் நான்கு பக்கம் முயலைப் பற்றி. ஊரில் யார் யார் வீட்டு வாசல் கீல் வில்ஃப் அடித்ததோ அவர்களிடமெல்லாம் மாரீன் போனாள். நூற்றுப் பதினேழு ஆட்சேபணை சேர்ந்தது.

ஜூன் மாத இறுதியில் நகரசபைக் குழு இரு தரப்பையும் கேட்டது. ஒன்பது உறுப்பினர். பிம்லட் எழுந்தார். கழுத்துப்பட்டையில் பொம்மு இருந்தது.

"நாங்கள் அறிவிப்பை மறைத்ததாகச் சொல்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது. அந்த அறிவிப்பு மழையில் தனியாக நின்றது. துணைக்கு ஒருவரை நிறுத்தினோம். அவ்வளவுதான். மக்கள் கெட்ட செய்தியை நேரடியாகப் படிப்பது ஆரோக்கியமானது அல்ல என்பதை நாங்கள் ஜப்பானில் நேரில் கண்டோம். உலையை இடிப்பது எங்களுக்கு மகிழ்ச்சியா? இல்லை. ஆனால் மிஸ்டர் ஆக்ராய்ட் வருடத்துக்கு இருநூறு பொருள் செய்கிறார், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. இது ஒரு கைவினைச் சங்கத்துக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்று யோசியுங்கள். பொம்மு தொழிற்சாலையிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது. எல்லாம் ஒன்றே போல. எதற்கும் கட்டைவிரல் வெந்துபோவதில்லை. நிறுவனர்கள் இன்று இருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பார்கள். அவர்களுடைய பலகையை நாங்கள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம்."

"எங்க?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"பத்திரமான இடத்தில்."

வில்ஃபுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவர் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஊர்ல புகையலாம்னு இருக்கிற புகைபோக்கி அது ஒண்ணுதான்," என்றார். "அது போச்சுன்னா எனக்கு வேலை இல்லை. இதை நேராவே சொல்லியிருக்கலாம், நான் நேராவே சண்டை போட்டிருப்பேன். நாலு மாசமா கடாவோட வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னார்கள். இடிக்க அனுமதி இல்லை என்று ஐந்து பேர், உண்டு என்று நான்கு பேர். மாரீன் பக்கத்து நாற்காலியில் இருந்து அவர் முழங்காலை ஒரு முறை அழுத்தினாள். வெளியே வந்ததும், "ஐஞ்சாவது ஆள் ஏன் நம்ம பக்கம் தூக்கினான்?" என்று வில்ஃப் கேட்டார். அன்று இரவு சாப்பிடும்போதும் கேட்டார்.

ஜூலை இரண்டாம் வாரம், உலை நன்றாக எரிந்துகொண்டிருந்தபோது, பிம்லட் பட்டறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் பகை எதுவும் இல்லை.

"சங்கம் உங்களுக்கு ஒரு வேலை தரலாம்னு இருக்கு, மிஸ்டர் ஆக்ராய்ட். நடந்ததையெல்லாம் பொம்மு மனசுல வெச்சுக்கலை. அட்டை மழைக்கு வளைஞ்சு போகுது. தரையில அடிச்சு நிறுத்தற மாதிரி இரும்பு முளை வேணும். பதினாலு."

"முற்றத்துக்கா? அங்க ஆறுதானே."

"முற்றத்துக்கு இல்லை, ஊருக்கு. விசாரணையில பொம்முவைப் பாத்ததுலேருந்து நகரசபைக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவங்களே கேட்டு வாங்கிக்கறாங்க. நல்ல நோக்கம்."

வில்ஃப் இடுக்கியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அளவுப் புத்தகத்தை எடுத்தார். "எந்தெந்த இடம்?"

"இடம் எதுக்கு?"

"மண்ணா கல்லான்னு தெரியணும். அதுக்குத் தக்க நீளம். இல்லைன்னா காத்துக்குச் சாஞ்சிடும்."

பிம்லட்டுக்கு அது நியாயமாகப் பட்டது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தார். நூலக வாசல். நீச்சல்குளம். சிறுவர் பூங்காவின் தெற்குக் கதவு. பேருந்து நிலையக் கழிப்பறை. பிரசவ ஆஸ்பத்திரி. வில்ஃப் எண் போட்டு, பதினான்கையும் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டிச் சரிபார்த்தார்.

"நல்லா ஆழமா இறங்கற மாதிரி செய்யுங்க," என்றார் பிம்லட். "பொம்மு ரொம்ப நாள் நிக்கணும்."

சனிக்கிழமை காலை மாரீன் மூக்குக்கண்ணாடியையும் கித்தான் பையையும் எடுத்துக்கொண்டாள். வில்ஃப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். முதலில் நூலகத்துக்குப் போனார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே மேசையில் ஒரு பெண் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"நூலகத்துக்கு ஏதாவது ஆகப் போவுதாம்மா?" என்று மாரீன் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

வில்ஃப் உள்ளே போகவில்லை. வாசலுக்கு வலது பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றார். கண் உயரத்தில், ஓர் அறிவிப்புத் தாள் அளவுக்கு, மூலைக்கு ஒன்றாக நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். இன்னும் எதையும் மாட்டவில்லை. கீழே நடைபாதையில் செங்கல் தூள் கிடந்தது. காலால் தொட்டுப் பார்த்தார். புதிதாக இருந்தது.

மாரீன் வெளியே வந்தாள். அவர் சுவரைக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, முத்திரை குத்திக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டு வரேன்," என்றாள். "நீ அடுத்த இடம் எதுன்னு பாரு."